மருத்துவருக்கு உதவிய அரைச் சட்டக் காமிரா

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மனிதனின் கண் வியப்பிற்குரிய உறுப்பு. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மின்னும் விண்மீனை அது காண்கிறது. ஆனால் ஒரு சாண் தூரத்தில், தன் உடலுக்குள்ளேயே இருக்கும் இரைப்பையை அதனால் காண இயலாது. பழங்காலத்து மருத்துவர்கள் நாடி பிடித்தும், நாக்கை நீட்டச் சொல்லியும், வயிற்றைத் தட்டிப் பார்த்தும் உள்ளே இருப்பதை ஊகித்தார்கள். 1895-இல் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தபோது எலும்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. எனினும் இரைப்பையின் உட்சுவரில் தோன்றும் சிறு புண்ணின் நிறத்தை எக்ஸ் கதிர் படம் காட்டாது. அது கறுப்பு, வெள்ளை நிழல்களை மட்டுமே தரும்.

இந்தக் குறையைப் போக்க முயன்ற கருவிகளுள் ஒன்றுதான் அரைச் சட்டக் காமிரா. ஹாஃப் ஃபிரேம் காமிரா என்று கடைக்காரர்கள் கூறுவது இதனைத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக உருவான இக்கருவி, மருத்துவமனைக்குள் எவ்வாறு நுழைந்தது? அளவில் சிறியதாயிருந்தும் பெரிய காமிராக்களுக்கு ஈடாக அது எப்படி நின்றது? தோழியரே, இக்கட்டுரையில் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

அரைச் சட்டம் என்றால் என்ன?

காமிராவில் போடும் பிலிம் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். இரு ஓரங்களிலும் பற்சக்கரம் பிடித்து இழுப்பதற்கான துளைகள் இருப்பதால், படம் பதிவதற்கு 24 மி.மீ. அகலமே மீதமாகும். சாதாரணக் காமிராவில் ஒரு படம் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. நீளமும் உடையது. அரைச் சட்டக் காமிராவில் ஒரு படத்தின் அளவு 18 மி.மீ., 24 மி.மீ. மட்டுமே. ஆகவே 36 படங்கள் எடுக்கக்கூடிய ஒரு சுருளில் 72 படங்கள் எடுக்கலாம்.

உண்மையில் இந்தச் சிறிய சட்டமே மூத்தது. மௌனப்பட காலத்தில் சினிமாவிற்குப் பயன்பட்ட சட்டம் ஏறக்குறைய இதே அளவினதுதான். ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னக் என்பவர் சினிமா பிலிமைக் கையடக்கமான காமிராவில் பயன்படுத்த எண்ணி, இரண்டு சினிமாச் சட்டங்களைச் சேர்த்து ஒரு படமாக்கினார். அவர் வடிவமைத்த லைக்கா காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. அதன் புகழால் இரட்டைச் சட்டம் 'முழுச் சட்டம்' என்று பெயர் பெற்றது. முன்னரே இருந்த சட்டம் 'அரை' ஆகிவிட்டது! பெயரை மட்டும் வைத்து எதனையும் குறைவாக எண்ணக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜப்பானில் பிறந்த 'பென்'

ஜப்பான் நாட்டின் ஒலிம்பஸ் நிறுவனம் 1919-இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது நுண்ணோக்கிகளையும் வெப்பமானிகளையும் செய்து வந்தது. காமிரா செய்யும் வேலை பிறகுதான் வந்தது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் மருத்துவமும் ஆய்வுக்கூடமும் அந்நிறுவனத்திற்குப் பிறந்த வீடு போன்றவை.

அங்கே பணியாற்றிய யோஷிஹிசா மைத்தானி என்ற இளம் பொறியாளர், சாதாரண மக்களும் வாங்கக்கூடிய ஒரு காமிராவைச் செய்ய விரும்பினார். அதன் விலை 6,000 யென் அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட இலக்கு. விலை குறைய வேண்டும்; ஆனால் லென்ஸின் தரம் குறையக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாயிருந்தார். படம் சிறியதாக இருப்பதால் அதனைப் பெரிதாக்கும்போது லென்ஸின் சிறு குற்றமும் பெரிதாகத் தெரியும் அல்லவா? அக்காமிரா 1959-இல் 'பென்' என்ற பெயருடன் வெளிவந்தது. பேனாவைப் போல் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதே பெயரின் பொருள்.

1963-இல் மைத்தானி இன்னொரு படி மேலே சென்றார். 'பென் எஃப்' என்னும் அரைச் சட்டக் காமிராவை அவ்வாண்டில் ஒலிம்பஸ் வெளியிட்டது. லென்ஸ் காட்டும் காட்சியை அப்படியே கண்ணுக்குக் காட்டும் பிரதிபலிப்புக் காமிரா அது. அதன் லென்ஸையும் கழற்றி மாற்றலாம். இந்த வகையின் தனி வடிவம் ஒன்று மருத்துவப் பணிக்கென்றே செய்யப்பட்டது.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரணப் பிரதிபலிப்புக் காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கும். அது ஒளியை மேல்நோக்கித் திருப்பும். தலைப் பகுதியில் உள்ள முப்பட்டகம் அந்த ஒளியை நம் கண்ணுக்குக் கொண்டுவரும். அதனால்தான் அக்காமிராக்களின் தலையில் திமில் போன்ற ஒரு மேடு காணப்படும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்; ஷட்டர் திறக்கும்; ஒளி பிலிமில் விழும்.

பென் எஃப் காமிராவில் கண்ணாடி மேலே எழாமல் பக்கவாட்டில் கதவு போல் திரும்பும். ஒளி பக்கவாட்டிலேயே சென்று, கண்ணாடிகளாலும் பட்டகங்களாலும் திருப்பப்பட்டுக் கண்ணை அடையும். ஆதலால் தலையில் மேடு இல்லை.

அதன் ஷட்டரும் புதுமையானது. மற்றக் காமிராக்களில் இரண்டு துணித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வேகம் அதிகமாகும்போது இரண்டிற்கும் நடுவே ஒரு சிறு பிளவே திறந்திருக்கும். அந்நேரத்தில் பிளாஷ் விளக்கு மின்னினால் பிளவின் வழியே தெரியும் பகுதி மட்டுமே பதிவாகும். ஆகையால் அக்காலத்தில் பல காமிராக்களில் பிளாஷுக்கு 1/60 விநாடி போன்ற மெதுவான வேகத்தையே வைக்க வேண்டியிருந்தது. பென் எஃப் காமிராவிலோ டைட்டானியம் உலோகத்தாலான மெல்லிய தகடு ஒன்று வட்டமாகச் சுழலும். 1/500 விநாடி என்ற அதிவேகத்திலும் சட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். எந்த வேகத்திலும் பிளாஷ் பயன்படுத்தலாம்.

இதனால் மருத்துவருக்கு என்ன பயன்? அறுவைக் கூடத்தில் விளக்குகள் பிரகாசமாக எரிகின்றன. நோயாளி மூச்சு விடுகிறார், உடல் அசைகிறது. ஷட்டர் மெதுவாக இருந்தால் பிளாஷ் தரும் தெளிவான உருவத்தின் மேல், அறை விளக்கின் ஒளியால் மங்கலான இன்னோர் உருவம் படியக்கூடும். வேகமான ஷட்டர் இதனைத் தடுக்கிறது.

இரைப்பைக்குள் சென்ற காமிரா

இப்போது வேறொரு கதையைப் பார்ப்போம். பென் காமிரா பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் தத்சுரோ உஜி என்பவர் ஒலிம்பஸ் நிறுவனத்திடம் ஒரு விசித்திரமான வேண்டுகோளை வைத்தார். மனிதனின் இரைப்பைக்குள்ளேயே காமிராவை அனுப்பிப் படம் எடுக்க இயலுமா என்று கேட்டார். ஜப்பானியரை அக்காலத்தில் பெரிதும் வாட்டிய புற்றுநோய் இரைப்பைப் புற்றுநோயே. நோயாளிக்கு வலி தோன்றி மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முத்சுவோ சுகியுரா, மசாஹரு ஃபுக்காவுமி என்னும் இரு பொறியாளர்கள் டாக்டர் உஜியுடன் உழைத்து, 1950-இல் இரைப்பைக் காமிராவை உருவாக்கினார்கள். வளையும் குழாய் ஒன்றின் நுனியில் மிகச் சிறிய லென்ஸ், சிறு விளக்கு, சாதாரண பிலிமிலிருந்து மெல்லியதாக வெட்டிய பிலிம் நாடா ஆகியவை இருந்தன. நோயாளி அக்குழாயை விழுங்க வேண்டும்.

ஆனால் மருத்துவருக்கு உள்ளே எதுவும் தெரியாது! அறையை இருட்டாக்கி, உள்ளே விளக்கு மின்னும்போது வயிற்றுத் தோலின் வழியே தெரியும் வெளிச்சத்தைக் கொண்டே காமிரா எங்கே இருக்கிறது என்று கணித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பது போன்ற வேலை அது. பிலிமைக் கழுவிய பிறகே நோயுள்ள இடம் படத்தில் விழுந்ததா என்பது தெரியும்.

ஒளியை வளைத்த கண்ணாடி இழை

இந்த இருட்டை நீக்கியது கண்ணாடி இழை. இதில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. பஞ்சாபிலுள்ள மோகா என்ற ஊரில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் ஆராய்ச்சி செய்தார். கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் அதன் வழியே ஓர் உருவத்தை வளைத்துக் கொண்டு செல்லலாம் என்பதை இருவரும் 1954-இல் வெளியிட்டனர். முழு அக எதிரொளிப்பு என்று நாம் இயற்பியலில் படிக்கும் தத்துவமே இதற்கு அடிப்படை. கபானிக்கு அவர் மறைவிற்குப் பின் 2021-இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

1957-இல் அமெரிக்காவில் டாக்டர் பேசில் ஹர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் ஆன இரைப்பை நோக்கியைப் பயன்படுத்தினார். முதலில் அதனைத் தாமே விழுங்கிப் பார்த்தார். நோயாளிக்குச் செய்வதைத் தமக்கே செய்து பார்த்த அவரது துணிவை எண்ணிப் பாருங்கள்! 1964-இல் ஒலிம்பஸ் நிறுவனம் இரைப்பைக் காமிராவையும் கண்ணாடி இழையையும் ஒன்றாக இணைத்தது. மருத்துவர் பார்த்துக்கொண்டே படம் எடுக்கும் நிலை வந்தது.

அதன் பின் பிலிம் இரைப்பைக்குள் செல்ல வேண்டிய தேவையே குறைந்தது. இழைக் கட்டு உருவத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. நோக்கியின் கண் வைக்கும் இடத்தில் ஒரு காமிராவைப் பொருத்தினால் போதும். அரைச் சட்டக் காமிரா மருத்துவத்தில் இடம் பிடித்தது இங்கேதான்.

ஒரு சிறு கணக்கு

வெளியே பொருத்துவதற்கு அரைச் சட்டக் காமிரா ஏன் ஏற்றது? பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இழைக் கட்டு வட்டமானது. ஆகவே அதில் தெரியும் உருவமும் வட்டமானது. முழுச் சட்டத்தின் (24 × 36) பரப்பு 864 சதுர மி.மீ. அதற்குள் முழுமையாக அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் விட்டம் 24 மி.மீ.; ஆரம் 12 மி.மீ. பரப்பு 22/7 × 144, அதாவது ஏறக்குறைய 453 சதுர மி.மீ. மொத்தத்தில் இது 52 விழுக்காடு. மீதி பிலிம் கறுப்பாக வீணாகிறது.

அரைச் சட்டத்தின் (18 × 24) பரப்பு 432 சதுர மி.மீ. அதில் அடங்கும் பெரிய வட்டத்தின் ஆரம் 9 மி.மீ. பரப்பு 22/7 × 81, ஏறக்குறைய 255 சதுர மி.மீ. இது 59 விழுக்காடு. வீணாவது குறைகிறது, படங்களின் எண்ணிக்கையோ இரு மடங்காகிறது.

"பெரிய வட்டத்தில் நுட்பம் அதிகமாகத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இழைக் கட்டின் வழியே வரும் உருவம், கோலப் புள்ளிகளைப் போல ஆயிரமாயிரம் ஒளிப் புள்ளிகளால் ஆனது. ஓர் இழைக்கு ஒரு புள்ளி. பெரிய பிலிமில் பதித்தால் புள்ளிகள் பெரியவை ஆகுமே தவிர, எண்ணிக்கையில் கூடமாட்டா. ஆதலால் சிறிய சட்டத்தில் இழப்பது சொற்பமே.

இன்னொரு நன்மை எடை. நோக்கியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் குழாயைச் செலுத்தும் மருத்துவருக்குக் கண்ணருகே தொங்கும் காமிரா இலேசாக இருக்க வேண்டும். நோயாளியும் குழாயை விழுங்கியபடி துன்பத்துடன் படுத்திருக்கிறார். பிலிம் மாற்றுவதற்கென்று அவரைக் காக்க வைப்பது சரியன்று. 72 படங்கள் என்பது இங்கே பெரிய வசதி.

குறைகளும் உண்டு

எந்தக் கருவியும் குறையற்றது அன்று. தோல் நோய், பல் நோய், ஆறிவரும் காயம் ஆகியவற்றை நேரடியாகப் படம் எடுக்கும்போது பெரிய சட்டமே மேலானது. 18 செ.மீ. நீளமுள்ள படத்தை அச்சிட, முழுச் சட்டத்தின் 36 மி.மீ. பக்கத்தை 5 மடங்கு பெரிதாக்கினால் போதும். அரைச் சட்டத்தின் 24 மி.மீ. பக்கத்தை ஏழரை மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது பிலிமின் பொடிமணிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது குறை இதைவிடக் கவனிக்கத்தக்கது. ஒரே சுருளில் 72 படங்கள் என்றால், பல நோயாளிகளின் படங்கள் அதில் அடுத்தடுத்து இடம்பெறும். எந்த இரைப்பை யாருடையது? ஒருவரின் படம் மற்றொருவரின் கோப்பில் சேர்ந்தால் நலமாயிருப்பவருக்கு அறுவைச் சிகிச்சையும், நோயுற்றவருக்கு வீண் ஆறுதலும் கிடைத்துவிடும். ஆகவே மருத்துவப் படம் எடுப்போர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பர்: முதலில் நோயாளியின் எண் எழுதிய சீட்டைப் படம் எடுக்க வேண்டும், பிறகே நோயைப் படம் எடுக்க வேண்டும். காயத்தின் அருகே மில்லிமீட்டர் அளவுகோலை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே கோணம், அதே வெளிச்சம் அமைய வேண்டும். அப்போதுதான் புண் வளர்ந்ததா, ஆறியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எவ்வளவு நல்ல காமிராவானாலும், சீட்டை மறந்தவருக்கு அது பயன்படாது.

படம் காத்த உயிர்கள்

இத்தனை பாடுபட்டுப் படம் எடுப்பதால் என்ன நன்மை? ஒரு மருத்துவர் ஒரு கணம் பார்த்ததை மற்றொருவர் பார்க்க முடியாது. படம் இருந்தால் பத்து மருத்துவர்கள் ஒரு திரையின் முன் அமர்ந்து, "இந்தச் சிவப்பு எப்படிப்பட்டது? இந்த மடிப்பு ஏன் இங்கே நின்றுவிட்டது?" என்று ஆராயலாம். அனுபவம் குறைந்தவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

இவ்வாறு திரண்ட அறிவைக் கொண்டு ஜப்பானிய மருத்துவர்கள் 1962-இல் 'தொடக்க நிலை இரைப்பைப் புற்றுநோய்' என்பதற்கு வரையறை வகுத்தார்கள். இரைப்பைச் சுவரின் மேலடுக்குகளோடு நின்றுவிட்ட நோய் அது. நிறத்தில் சிறு மாற்றம், மேற்பரப்பில் சிறு பள்ளம், இவைதாம் அதன் அடையாளங்கள். அந்நிலையிலேயே கண்டு சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர் வாழ்கிறார்கள் என்று ஜப்பானிய மருத்துவ அனுபவம் காட்டுகிறது. பரவிய பிறகு கண்டுபிடித்தால் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

படமும் நோயாளியின் மானமும்

மாணவிகளாகிய நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருத்துவப் படத்தில் இருப்பது ஒரு மனிதரின் உடல். அவர் அப்பா, அம்மா, பாட்டி என்று யாரோ ஒரு வீட்டில் அழைக்கப்படுபவர். தம் வேதனையை அந்நியர் முன் திறந்து காட்ட அவர் ஒப்புக்கொள்வது குணமடையும் நம்பிக்கையால்தான். ஆகவே அவர் அனுமதியைப் பெற்றே படம் எடுக்க வேண்டும். சிகிச்சைக்கும் கல்விக்கும் அன்றி வேறு எதற்கும் அதனைக் காட்டக் கூடாது. பாடத்திற்குக் காட்டும்போதும் யாருடையது என்று தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசியில் காமிரா இருக்கும் இந்நாளில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் உறவினரைப் படமெடுத்துப் பலருக்கும் அனுப்புவோர் இந்த விதியை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பிலிமின் காலம் முடிந்தது

1983-இல் அமெரிக்காவின் வெல்ச் ஆலின் நிறுவனம், குழாயின் நுனியிலேயே மின்னணு உணரியை வைத்த எண்டோஸ்கோப்பை வெளியிட்டது. ஒலிம்பஸும் 1985-இல் அவ்வழியில் வந்தது. உருவம் நேரே தொலைக்காட்சித் திரையில் தெரிந்தது. பிலிமைக் கழுவும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. அரைச் சட்டக் காமிரா மெல்ல மெல்ல மருத்துவமனையிலிருந்து விடைபெற்றது. 2021-இல் ஒலிம்பஸ் தன் காமிரா வணிகத்தை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவக் கருவிகளிலேயே முனைப்பாக இருக்கிறது. ஆயினும் அரைச் சட்டம் முற்றிலும் மறையவில்லை. 2024-இல் 'பென்டாக்ஸ் 17' என்ற புதிய அரைச் சட்டக் காமிரா பிலிம் விரும்பிகளுக்காக வெளிவந்தது.

சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி பரிசோதனை செய்தார்கள். பல மாதங்களாக வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்தவர் அவர். "ஏதாவது பெரிய வியாதின்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்ற பயமே காரணம். பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் அச்சிட்ட நான்கு வண்ணப் படங்களைக் காட்டி, "பாருங்கம்மா, இதுதான் புண். இது ஆறக்கூடியதுதான், பயப்படாதீங்க" என்றார். இரண்டு மாத மருந்துக்குப் பின் எடுத்த படத்தில் அந்த இடம் வெளிர் ரோஜா நிறமாக மாறியிருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பெரியம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவர் பெயரும், வயதும், நாளும், நேரமும் அச்சாகியிருந்தன. பிலிம் காலத்தில் சீட்டு எழுதிப் படம் எடுத்தவர்களின் ஒழுங்கே இன்று இயந்திரத்தின் பழக்கமாகியிருக்கிறது.

முடிவுரை

அரைச் சட்டக் காமிராவின் வரலாற்றிலிருந்து நாம் கற்பவை பல. ஒரு கருவியின் மதிப்பு அதன் அளவைப் பொறுத்ததன்று. செய்ய வேண்டிய வேலைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய மருத்துவர், பஞ்சாபில் பிறந்த ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர், காமிரா வடிவமைத்த பொறியாளர் என்று பல நாட்டவரின் உழைப்பு ஒரு சிறு வட்டப் படத்தில் ஒன்று கூடியது. வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் வட்டத்தின் பரப்பும், முழு அக எதிரொளிப்பும் ஒருவர் உயிரைக் காக்கும் இடத்தில் பயன்படுகின்றன.

அன்புத் தோழியரே, வீட்டில் தாயோ பாட்டியோ தம் வலியை மறைத்து வந்தால், அவர்களோடு அன்பாகப் பேசி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயைத் தொடக்கத்திலேயே காட்டும் கருவிகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. காலத்தோடு சென்றால்தான் அவற்றால் நமக்குப் பயன் கிடைக்கும்.